காப்பி குடிக்கப் போன பிரதமர்

அம்மாடி, ஐரோப்பா ஒண்ணாச் சேந்து எங்க போயி நிக்கப்போவுதுன்னு படிக்கிறதுக்கு இத்தாலிக்காரன் தீவு ஒண்ணுக்குப் போறியாமே, உங்கப்பன் போன்ல சொன்னான். ரொம்ப சந்தோசம். காலையில கடல்ல குளிக்கலாம், மத்தியானம் மீன் திங்கலாம், நடுவுல நேரம் கெடைச்சா 45 கோடிப் பேருக்கு ஒரு வழியும் சொல்லிட்டு வரலாம். நம்ம பக்கம் எதிர்காலம் தெரியணும்னா வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போயி கட்டைவிரல் ரேகை குடுப்பாங்க. ஏடு படிக்கிறவரு நம்ம வாயிலேருந்தே பதிலைப் புடுங்கி, நடந்ததையெல்லாம் புட்டுப் புட்டு வைப்பாரு. நடக்கப்போறதுக்கு வந்தா மட்டும் அது வேற காண்டம், அதுக்குத் தனிக் காசும்பாரு. உங்க புரபசருங்களும் அப்படித்தான்னு நான் சொல்ல வரலை. நீயே பாத்துட்டு வந்து சொல்லு.

காரைக்கால்ல திண்ணையில உக்காந்துக்கிட்டு இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. உனக்கு முன்னாடியே நான் ஐரோப்பியக் குடிமகன். 1962 ஆகஸ்ட் 16-ல நம்ம ஊரைச் சட்டப்படி இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தப்ப, ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கேட்டா பிரெஞ்சுக் குடிமகனாவே இருந்துக்கலாம்னாங்க. நான் எழுதிக் குடுத்தேன், பட்டாளத்துக்குப் போனேன், ஊர்ல சொல்தா, அதாவது சிப்பாய்னு பேரு வாங்கினேன். அப்புறம் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம்னு ஒண்ணு வந்து, பிரெஞ்சுக் குடிமகன் எல்லாரும் ஐரோப்பியக் குடிமகனுந்தான்னு சொல்லிடுச்சு. அது அமலுக்கு வந்தது 1993 நவம்பர் 1. பிரெஞ்சுக்காரன் இங்கேருந்து கொடியை எறக்கிக்கிட்டுப் போனதும் ஒரு நவம்பர் 1-தான், 1954-ல. போனவன் அதே தேதியில கொல்லைப்பக்கமா வந்து என்னைய ஐரோப்பாக்காரன் ஆக்கிட்டான். நான் எங்கயும் நகரலை.

கொடி எறங்குறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, அக்டோபர் 18-ல, கீழூர்ல ஓட்டெடுப்பு நடந்துச்சு. ஜனங்களோட பிரதிநிதிங்க 178 பேரு. 170 பேரு இந்தியாவோட சேரணும்னாங்க, 8 பேரு வேண்டாம்னாங்க. சரி, 170 பெருசா 8 பெருசான்னு பாத்தாங்க, வேலை முடிஞ்சுது. இதையே ஐரோப்பாக்காரன் முறையில நடத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்? அந்த எட்டுப் பேரும் தலையாட்டுற வரைக்கும் ராத்திரி ராத்திரியா உக்காத்தி வெச்சிருப்பாங்க. அதுல ஒருத்தர் தன் ஊருக்கு ஒரு பாலம் வேணும்பாரு, இன்னொருத்தர் மச்சான் வேலைக்கு ஒரு கையெழுத்து வேணும்பாரு. இன்னிக்கும் நாம சந்தையில யூரோவுல வெண்டைக்கா வாங்கிட்டிருப்போம்.

நீ சிரிப்பே. ஆனா நீ படிக்கப்போற பாடம் பூராவும் அந்த எட்டுப் பேரைப் பத்தினதுதான். மீதியெல்லாம் நோட்டுல எழுதிக்கிற சங்கதி.

2023 டிசம்பர் 14-ந் தேதி பிரஸ்ஸல்ஸ்ல நடந்ததை எடுத்துக்க. உக்ரைனை உள்ள சேத்துக்கிறதுக்குப் பேச்சுவார்த்தை ஆரம்பிக்கணும். 27 பேரும் சரின்னாத்தான் உண்டு. 26 பேரு சரி. அன்னிக்கு ஹங்கேரிப் பிரதமரா இருந்த ஆர்பான் மட்டும் முடியவே முடியாதுங்கிறாரு. விடிய விடிய உக்காந்தாலும் மசியுற ஆளு இல்லை. அப்பத்தான் அன்னிக்கு ஜெர்மன் சான்சலரா இருந்த ஷோல்ஸ் ஒரு யோசனை சொன்னாராம்: நீங்க கொஞ்சம் வெளிய போயி ஒரு காப்பி சாப்பிட்டுட்டு வாங்களேன். அவரு எழுந்து போனாரு. 26 பேரு முடிவெடுத்தாங்க. அறையில இல்லாதவரு எதுத்ததா ஆவாது பாரு. அவரு வெளிய நின்னபடியே இது தப்பான முடிவுன்னு சொன்னாரு. காப்பி குடிச்சாரா இல்லையான்னு யாரு பாத்தா? திரும்பி வந்து உக்காந்த அதே ராத்திரி, உக்ரைனுக்கு 5,000 கோடி யூரோ குடுக்கிற விசயத்தை மறிச்சாரு. அதுக்கு வெளிய போவலை. வெளிய போறதுக்கும் ஒரு கணக்கு இருக்குல்ல? அந்தப் பணம் 2024 பிப்ரவரி 1-ல தான் தீர்மானமாச்சு. அன்னிக்கு பிரஸ்ஸல்ஸ்ல ஐரோப்பியப் பாராளுமன்ற வாசல்ல டிராக்டரு வரிசை கட்டி நின்னுது, குடியானவங்க டயரைக் கொளுத்திக்கிட்டிருந்தாங்க. டி.வி.யில நான் உள்ள நடந்ததைப் பாக்கலை, டிராக்டரைத்தான் பாத்தேன். நல்ல டிராக்டருங்க.

உங்க கிளாஸ்ல இதைத் தகுதிப் பெரும்பான்மை, ஏகமனசுன்னு பலகையில எழுதிக் காட்டுவாங்க. 27-ல 15 நாடு, ஜனத்தொகையில நூத்துக்கு 65 இருந்தா தகுதிப் பெரும்பான்மை. அதுலயே முக்கால்வாசி சங்கதி ஓடிடுது. வரி, வெளியுறவு, புது ஆளைச் சேக்கிறது மாதிரி விசயத்துக்கு மட்டும் எல்லாரும் சரிங்கணும். எழுதிக்க, பரீட்சைக்கு வேணும். ஆனா காப்பி எந்தப் பாடப்புத்தகத்துலயும் இருக்காது. ஒத்துக்காத ஆளை மரியாதை கெடாம எப்படி வெளிய அனுப்புறது, எப்படிக் கண்டுக்காம இருக்கிறதுங்கிற வித்தையிலதான் அந்த வீடே நிக்குது. அதை ஆரம்பத்துலேருந்தே செஞ்சிருக்காங்க.

1957 மார்ச் 25, ரோம். ஆறு நாட்டுப் பெரிய மனுசங்க கூடி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறாங்க. ஜெர்மனி அடெனாவர் இருக்காரு, பெல்ஜியம் ஸ்பாக் இருக்காரு. மழை கொட்டுது, மணி அடிக்குது, கேமராக்காரன் லைட்டு போடுறான். மேஜை மேல கனமான புத்தகம். ஆனா அச்சு வேலை முடியலை. மொத பக்கமும் கடைசிப் பக்கமுந்தான் அச்சு, நடுவுல பூராவும் வெள்ளைத் தாளு. போட்டுட்டாங்க கையெழுத்தை. பாரீசுல உங்கப்பன் வாடகை வீட்டுக்கு ஒப்பந்தம் போடுறப்ப, வரி விடாமப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுன்னு உனக்குச் சொன்னானா இல்லையா? அவன் ஐரோப்பாவுக்கு லாயக்கில்லாத பய.

இன்னொண்ணு 1961 டிசம்பர் 31. விவசாயத்துக்குப் பொதுவான சட்டம் அன்னிக்கு ராத்திரி 12-க்குள்ள முடிஞ்சாவணும், இல்லேன்னா அடுத்த கட்டத்துக்குப் போவ முடியாது. பாலு, பன்னி, கோதுமை, எதுலயும் ஒத்துப்போவலை. மந்திரிங்க பாத்தாங்க. கடிகாரத்தை நிறுத்திட்டாங்க. ஜனவரி 14 வரைக்கும் அவுங்களுக்கு டிசம்பர் 31-தான். நடுவுல ஒருத்தரு மயக்கம் போட்டு விழுந்தாரு, இன்னொருத்தரை டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போனாங்கன்னெல்லாம் சொல்லுவாங்க. ஆனா சட்டம் வந்துடுச்சு. பயிர்க்கடன் தவணைக்கு இந்த யோசனையை இங்க ஒரு அதிகாரிகிட்டச் சொல்லிப் பாத்தேன். அவரு கடிகாரத்தைப் பாக்காம என் மூஞ்சியைப் பாத்தாரு.

1965-ல பிரெஞ்சு ஜனாதிபதி, நம்ம துகோல் (எனக்கு அவரு நம்ம துகோல்தான், அவரு குடுத்த சோறு) கோவிச்சுக்கிட்டுக் கூட்டத்துக்கு ஆளையே அனுப்பலை. பிரெஞ்சு நாற்காலி ஜூலையிலேருந்து அடுத்த ஜனவரி வரைக்கும் காலியாக் கெடந்துச்சு. விவசாயத்துக்குப் பணம் யாரு கையில இருக்கணும், எண்ணிக்கையில தோத்தா பிரான்சு அடங்கிப்போவணுமா, இதுதான் சண்டை. நான் அப்ப பட்டாளத்துல. எங்க சார்ஜண்ட்டுகிட்டக் கேட்டேன், நாம வராட்டி அவுங்க முடிவெடுத்துடுவாங்களேன்னு. எடுத்துடுவானா ஒருத்தன்னாரு. எடுக்கலைதான். லக்சம்பர்க்ல கூடி, முக்கியமான விசயம்னு ஒரு நாடு நெனைச்சா எல்லாரும் ஒத்துப்போற வரைக்கும் பேசணும்னு பிரான்சு சொல்லுது, மத்த அஞ்சு பேரும் அப்படி இல்லேங்கிறாங்கன்னு ரெண்டையும் ஒரே காயிதத்துல எழுதிக் கலைஞ்சாங்க. ஒத்துப்போவலைங்கிறதுல ஒத்துப்போனாங்க. அந்தக் காயிதத்தை வெச்சுக்கிட்டு ரொம்ப வருசம் வண்டி ஓடுச்சு.

இப்படிச் சாமர்த்தியமா இருக்கறவங்களைப் பாத்து வாயைப் பொளக்காத. இந்தச் சாமர்த்தியம் யாருகிட்டச் செல்லுது, யாருகிட்டச் செல்லலைன்னு பாரு. அங்கதான் உன் தாத்தாவுக்கு ஒரு வயித்தெரிச்சல்.

1992-ல டென்மார்க்காரனை மாஸ்ட்ரிக்ட் வேணுமான்னு கேட்டாங்க. நூத்துக்கு 50.7 பேரு வேண்டாம்னாங்க. சரி, உனக்கு இது இது விலக்குன்னு குடுத்து அடுத்த வருசமே திரும்பக் கேட்டாங்க, வேணும்னான். அயர்லாந்துக்காரனை வேற ஒப்பந்தத்துக்கு 2001-ல கேட்டாங்க, வேண்டாம்னான், 2002-ல கேட்டாங்க, வேணும்னான். இன்னொரு ஒப்பந்தத்துக்கு 2008-ல வேண்டாம், 2009-ல வேணும். அதாவது, சரியான பதில் வர்ற வரைக்கும் பரீட்சை. ஆனா கேட்டாங்கல்ல? 2005 மே 29-ல எங்களைக் கேட்டாங்க. ஐரோப்பாவுக்கு அரசியல் சாசனமாம், 448 பிரிவாம். பிரான்சுல ஒவ்வொரு வாக்காளன் வீட்டுக்கும் புத்தகத்தைத் தபால்ல அனுப்பினாங்க. உன் பெரியப்பன் லீவுல வந்தப்ப அவன் பிரதியைக் கொண்டாந்தான். நான் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சேன், ஒரு வாரத்துல தூக்கம் வராத வியாதி தீந்துச்சு. ஓட்டுப் போட்டேன். என்னா போட்டேன்னு உங்க ஆயாவுக்கே தெரியாது. பிரான்சுல நூத்துக்கு 55 பேரு, கொஞ்சம் கொறையா, வேண்டாம்னாங்க. மூணு நாளு கழிச்சு ஒல்லாந்துக்காரனும் வேண்டாம்னான். சரி, திரும்பக் கேப்பாங்கன்னு பாத்தா கேக்கவே இல்லை. கொடி, பாட்டு, சாசனங்கிற பேரு இதையெல்லாம் எடுத்துட்டு, மிச்சத்துல பெரும்பங்கை லிஸ்பன் ஒப்பந்தம்னு 2007 டிசம்பர் 13-ல கையெழுத்துப் போட்டுட்டாங்க. பிரான்சுல அதைப் பாராளுமன்றத்தோட முடிச்சுக்கிட்டாங்க. ஆர்பானுக்காச்சும் காப்பி கெடைச்சுது. எங்களை எழுந்து வெளிய போன்னு சொல்லக்கூட இல்லை, உள்ள உக்காந்திருந்தோமேன்னு யாருக்கும் ஞாபகமே இல்லை.

அதுக்கும் மேல ஒரு பாவப்பட்டவன் இருக்கான். மாசிடோனியா. 2005 டிசம்பர்லேருந்து வாசல்ல நிக்கிறான். உன் பேரு என் மாகாணத்துப் பேரா இருக்கு, மாத்துன்னான் கிரேக்கன். 2019-ல பேரையே வட மாசிடோனியான்னு மாத்திக்கிட்டான். ஒரு நாடு தன் பேரை மாத்திக்கிறதுன்னா சும்மாவா? மாத்திட்டு வந்து நின்னா, அதே வருசம் அக்டோபர்ல பிரான்சு, நம்ம பிரான்சு, சேத்துக்கிற முறையையே சரிபண்ணணும், அப்புறம் பாக்கலாம்னுடுச்சு. அது சரியாகி வந்தா அடுத்த வருசம் பல்கேரியாக்காரன், உன் மொழியும் சரித்திரமும் என்னோடது, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுன்னான். இப்ப சாசனத்துல பல்கேரியர்களைச் சேத்து எழுதுங்கிறாங்க. வாசல்ல நிக்கிறவன் பேரை மாத்தணும், சட்டத்தை மாத்தணும், தாத்தன் பேசினது என்ன மொழின்னு சர்ட்டிபிகேட் வாங்கணும். உள்ள இருக்கிறவன் மறிச்சா அவனுக்கு வெளிய போக வழி பாக்குறாங்க. இதை அங்க யாராச்சும் விரிவாக்கக் கொள்கைன்னு பேசினா, நீ அந்த வட மாசிடோனியாப் பொண்ணு யாராச்சும் வந்திருந்தா அவ மூஞ்சியைப் பாரு. அதுல இருக்கிறது புத்தகத்துல வராது.

அந்தத் தீவைப் பத்திச் சொல்லவே இல்லையே. வென்டோடேனே. ஃபோர்மியாங்கிற ஊர்லேருந்து படகு. தீவோட நீளமே மூணு கிலோமீட்டர்தான், ஒரு சுருட்டு பத்த வெச்சா அணையுறதுக்குள்ள இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குப் பாதி வந்துடலாம். பாத்து நட. பெரிய மனுசங்க தனக்கு ஆவாதவங்களைக் கொண்டுபோயித் தள்ளுற எடம் அது, ரெண்டாயிரம் வருசமா. ரோமாபுரி அகஸ்டஸ் சக்கரவர்த்தி சொந்த மகளையே அங்கதான் தள்ளினாரு. அது வாலு ஆட்டிச்சாம். எதுத்தாப்புல சான்டோ ஸ்டெஃபானோன்னு குட்டித் தீவு, அதுல லாட வடிவத்துல ஒரு ஜெயிலு. முசோலினி காலத்துல எண்ணூறு பேரு போல வென்டோடேனேயில காவல்ல இருந்தாங்க. அதுல ஒருத்தரு ஆல்தியெரோ ஸ்பினெல்லி. போலீஸ் புடிச்சப்ப வயசு 19. ஜெயிலும் தீவுமா 16 வருசம். 1941-ல, ஹிட்லர் கையில ஐரோப்பாவே கெடந்தப்ப, இவரும் எர்னெஸ்டோ ரோஸ்ஸிங்கிற பொருளாதாரக்காரரும் ஒரு அறிக்கை எழுதினாங்க: இனிமே நாடு நாடா பிரிஞ்சு கெடந்தா திரும்பவும் சண்டைதான், ஒரே கூட்டாட்சியா ஆவணும்னு. கொலோர்னின்னு இன்னொரு கைதி அதுக்கு முன்னுரை எழுதினாரு, அவரை பிற்பாடு ரோம்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. அவரோட சம்சாரம் உர்சுலா ஹிர்ஷ்மன் அறிக்கையைக் கரைக்குக் கடத்திட்டுப் போச்சு. பொரிச்ச கோழி வயித்துக்குள்ள வெச்சுன்னு ஒரு கதை இருக்கு. சத்தியம் பண்ண யாருமில்லை, ஆனா கோழியில்லாம அந்தக் கதையை யாரும் சொல்றதும் இல்லை.

இந்த ஸ்பினெல்லியைப் பத்தித்தான் உன்கிட்ட முக்கியமா ஒண்ணு சொல்லணும். அவருக்குக் காப்பி வித்தை தெரியாது, தெரிஞ்சுக்கவும் விரும்பலை. வாசலே இல்லாத வீடு கட்டணும்னு நெனைச்ச ஆளு. உள்ள வந்தவன் எல்லாரும் ஓட்டுக்குக் கட்டுப்படணும், அவ்வளவுதான். வயசான காலத்துல ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு வந்து, ஸ்ட்ராஸ்பூர்ல முதலைன்னு பேரு வெச்ச ஒரு சாப்பாட்டுக் கடையில 1980-ல கொஞ்சம் பேரைக் கூட்டி உக்காத்தி ஆரம்பிச்சாரு. 1984 பிப்ரவரி 14-ல, ஐரோப்பிய யூனியனுக்கு அவரு போட்ட முழு ஒப்பந்தத்தையும் பாராளுமன்றம் 237-க்கு 31-ன்னு நெறைவேத்துச்சு. கீழூரை விட ஒண்ணும் மோசமில்லை. அரசாங்கங்க அதை வாங்கிப் பரண்ல போட்டாங்க. ரெண்டு வருசத்துல மனுசன் போயிட்டாரு. பிற்பாடு பிரஸ்ஸல்ஸ்ல பாராளுமன்றத்தோட பெரிய கட்டடத்துக்கு அவரு பேரை வெச்சாங்க. யோசனையைப் பரண்ல போட்டுட்டுக் கட்டடத்துக்குப் பேரு வைக்கிறது, நம்ம ஊரு ஆளுங்களுக்கு ஒண்ணும் புதுசில்லை, போ.

அவரு சமாதி அந்தத் தீவுலதான் இருக்கு. 2016 ஆகஸ்ட்ல, பிரிட்டிஷ்காரன் போறேன்னு ஓட்டுப் போட்ட சூட்டோட, இத்தாலி ரென்சி, ஜெர்மனி மெர்கெல், நம்ம பிரான்சு ஒல்லாந்த் மூணு பேரும் அங்க போயிப் பூ வெச்சாங்க. 2025 மார்ச்ல அதே இத்தாலியோட பிரதமர் மெலோனி, அந்த அறிக்கையிலேருந்து சில வரியைப் பாராளுமன்றத்துல படிச்சுக் காட்டி, இது என்னோட ஐரோப்பா இல்லைன்னுடுச்சு. பெரிய ரகளை. எனக்கு என்னமோ அந்தம்மா மேல கொஞ்சம் மரியாதை வந்துச்சு. பூ வெச்சவங்க புத்தகத்தைப் படிச்சாங்களான்னு தெரியலை, இது படிச்சுட்டுத் திட்டுது. நீயும் படிச்சுட்டுத் திட்டு. இல்லேன்னா படிச்சுட்டுக் கொண்டாடு. படிக்காமப் பூ வைக்காத.

கிளாஸ்ல ஒவ்வொரு நாளும் யாராச்சும் எழுந்து ஐரோப்பா இன்னும் வேணும், இன்னும் கூடுதலா வேணும்பாங்க. கைதட்டு விழும். நீயும் தட்டு, தனியாத் தெரிய வேணாம். தட்டி முடிச்சதும் சின்னக் குரல்ல எந்தக் காசுலன்னு கேளு. ஐரோப்பிய யூனியனோட வரவுசெலவு மொத்தமும் உறுப்பு நாடுங்க சம்பாத்தியத்துல நூத்துக்கு ஒண்ணு சுமாருதான். அதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இன்னிக்கும் விவசாயத்துக்கு. 2020 ஜூலையில, கொரோனாவுக்காக, நாலு நாளு நாலு ராத்திரி உக்காந்து 75,000 கோடி யூரோ வரைக்கும் கடனை எல்லாரு பேருலயும் சேத்து வாங்குறதுன்னு முடிவு பண்ணாங்க. அதுக்கு முன்னாடி இப்படிப் பெருசா செஞ்சதில்லை. கடனை அடைக்க 2058 வரைக்கும் தவணை. 2058-ல உனக்கு அம்பது வயசு தாண்டியிருக்கும். வாங்கினவங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. எதிர்காலம்னு உன் வகுப்பு நோட்டீஸ்ல போட்டிருக்கான் பாரு, அதுல எழுதி வெச்சிருக்கிற ஒரே விசயம் உன் பேருல இருக்கிற தவணைதான். மத்ததெல்லாம் இனிமேதான் எழுதணும்.

ஜனங்களைக் கேக்கலைன்னு நீ எழுந்து பேசினா, கேட்டோமேம்பாங்க. நெசந்தான். 2021 மே 9-லேருந்து ஒரு வருசம், ஐரோப்பாவோட எதிர்காலம் பத்தி ஒரு மாநாடு நடத்தினாங்க. குலுக்கல்ல 800 பேரைப் பொறுக்கினாங்க, அதுல மூணுல ஒரு பங்கு உன் வயசுப் புள்ளைங்க. அவுங்க பேசிப் பேசிச் சொன்னதை வெச்சு மாநாடு 49 பரிந்துரை குடுத்துச்சு, அதுக்குள்ள 300-க்கு மேல நடவடிக்கை. ஏகமனசை விட்டுட்டு ஓட்டுல முடிவெடுங்கன்னும் அதுல இருந்துச்சு. 2022 மே 9-ல ஸ்ட்ராஸ்பூர்ல விழா எடுத்து அதைக் குடுத்தாங்க. அதே நாள்ல 13 நாட்டு அரசாங்கங்க சேந்து, ஒப்பந்தத்தை மாத்துறதுக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்லைன்னு காயிதம் போட்டாங்க. குலுக்கல்ல வந்த புள்ளைங்க ஊருக்குப் போவ டிரெயின் ஏறுறதுக்குள்ள.

இவ்வளவு பேசுறியே தாத்தா, அப்புறம் எதுக்கு இன்னும் அந்தப் பாஸ்போர்ட்டை மாத்தாம வெச்சிருக்கேன்னு கேப்பே. கேளு.

எங்க ரெஜிமெண்டு கொஞ்ச நாள் கேல்-ல இருந்துச்சு. ரைன் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி, இந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பூர். நடுவுல ஐரோப்பாப் பாலம்னு 1960-ல தொறந்த பாலம். பேருதான் ஐரோப்பா, ரெண்டு முனையிலயும் போலீசு, ரெண்டு முனையிலயும் சுங்கம். ஞாயித்துக்கெழமை உடுப்பு மாத்திக்கிட்டு ரொட்டி வாங்க வந்தாக்கூட சட்டைப்பையைத் தடவுவான், சிகரெட்டு எத்தனை, மார்க்கு எத்தனைன்னு. ரொட்டிக் கடையில ஒரு கெழவி. என் நெறத்தைப் பாத்துட்டு ஊரு எதுன்னு கேட்டுது. சொன்னேன். நான் பிரெஞ்சுக்காரனாவே இருக்கேன்னு எழுதிக் குடுத்த கதையையும் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அது மாவுக் கையைத் தொடைச்சுட்டு விரல் விட்டு எண்ணுச்சு. பொறந்தப்ப ஜெர்மன்காரி. 1918-ல பிரெஞ்சுக்காரி. 1940-ல மறுபடி ஜெர்மன்காரி. 1944-ல மறுபடி பிரெஞ்சுக்காரி. அண்ணன் ஜெர்மன் உடுப்புல செத்தான், மவன் எந்த உடுப்புல செத்தான்னே தெரியாது. ஒரு தடவைகூட வீடு மாறலை, எல்லாத்துக்கும் இதே அடுப்புதான்னுச்சு. உன்கிட்டயாச்சும் எழுதிக் கேட்டாங்களே தம்பின்னுச்சு. அதுக்கப்புறம் நான் அந்தக் கதையை அந்த ஊர்ல யாருகிட்டயும் பெருமையாச் சொன்னதில்லை.

2017-லேருந்து அந்த ஆத்து மேல ட்ராம் ஓடுது. ஸ்ட்ராஸ்பூர்ல ஏறி கேல்-ல எறங்கி, சாமான் மலிவுன்னு வாங்கிட்டு வர்றாங்க. நீயே போயி ஷாம்பு வாங்கிட்டு வந்தேன்னு போன்ல சொன்னே. நீ எதோ சாதாரணமாச் சொன்னே, உனக்கு அது சாதாரணம். 2020 மார்ச்ல கொரோனா வந்ததும் ஜெர்மன்காரன் அந்த எடத்துல மறுபடி தடுப்பு வெச்சான், ட்ராம் நின்னுது. 2024 செப்டம்பர்லேருந்து எல்லா எல்லையிலயும் சோதனைன்னு போட்டிருக்கான். தற்காலிகம்னு சொல்றான். தற்காலிகத்துக்கும் கடிகாரத்தை நிறுத்திட்டான்னு நெனைக்கிறேன். அங்க வர்ற பெரிய பேச்சாளருங்ககிட்ட ஏகமனசைப் பத்திக் கேக்கிறதுக்கு நூறு புள்ளைங்க இருக்கும். நீ அந்த எல்லைச் சோதனையை எப்ப எடுப்பாங்கன்னு கேளு.

இன்னொரு விசயம், இது உங்க ஆயா சொல்லச் சொன்னது. எராஸ்மஸ்னு 1987-ல ஆரம்பிச்சானே, படிக்கிற புள்ளைங்களை நாடு விட்டு நாடு அனுப்புற திட்டம், அதனால பத்து லட்சம் கொழந்தைங்க பொறந்திருக்கும்னு 2014-ல ஐரோப்பிய ஆணையமே கணக்குச் சொல்லியிருக்கு. ஏகமனசும் வேணாம், 15 நாடும் வேணாம், ரெண்டு பேரு ஒத்துப்போனா போதும். இதைத்தான் அவுங்க ஒருங்கிணைப்புன்னு சொல்றாங்களான்னு உங்க ஆயா என்னைக் கேட்டுது. நான் பதில் சொல்லலை. தீவுல கோடை வகுப்புன்னா பத்து நாளு கூட ஆவாதேன்னு சமாதானம் சொல்லி வெச்சிருக்கேன். நீ போன் பண்றப்ப பக்கத்துல ஆண்பிள்ளை சிரிக்கிற சத்தம் கேக்காம பாத்துக்க. சிரிச்சாலும் எந்த நாடுன்னு தெளிவாச் சொல்லு, விசாரிக்கிறதுக்குச் சவுகரியமா இருக்கும்.

வர்றப்ப அந்தத் தீவுப் பருப்பு ஒரு அரைக்கிலோ வாங்கிட்டு வா. பொடிசா இருக்குமாம், நல்ல பேரு வாங்கினதாம். கடைசி நாளு எல்லாரும் சேந்து ஒரு தீர்மானம் எழுதுவீங்க, எழுதாம விட மாட்டாங்க. எழுதுறப்ப ஒரு பையன், ஒரே ஒரு பையன், முடியாதும்பான். பாவம், அவனைக் காப்பி குடிக்க அனுப்பாதீங்க. உக்காத்தி வெச்சு என்னான்னு கேளுங்க.

அடுத்த ஐரோப்பியத் தேர்தல் 2029-ல. நான் இருந்தா காரைக்கால்ல போடுறேன், நீ இருக்கிற எடத்துல போடு. யாருக்குன்னு நீ எனக்குச் சொல்லாத, நானும் சொல்ல மாட்டேன். உங்க ஆயா ரெண்டு பேருகிட்டயும் தனித்தனியாக் கேக்கும். அதுக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒரே பதிலாச் சொல்லிடுவோம்.